ஒரு நூல் விட்டு அறு

என் பெரிய மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

முதலில் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்கும் வேண்டாம். காட்டினால் அவர் சிரிப்பார், சிரித்தால் ஏன் சிரிக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடுவார். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்த துண்டுகளை ஒரே கூடையில் போடாதீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நிறைய வார்டுகள் இருக்குமே, வார்டுக்கு ஒரு துண்டாகப் போடுங்கள்.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கும் மாமாவின் முழங்கால் நலத்துக்கும் ஆவலாக இருக்கிறோம். இப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதினேன். இனி உண்மை.

மணி பத்தே முக்கால். நடு அறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். பழுது பார்க்க வந்த ஒரு தையல் மிஷினின் குட்டி விளக்குதான் வெளிச்சம். அதைத் துண்டால் மூடி, ஒரு விரல் அகலம் மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். இந்தப் பீரோவை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள், அதன் பின்னால் இருக்கும் கதவையும். வீடு ஒன்றாக இருந்த காலத்தில் அந்தக் கதவு வழியாகத்தான் முன்தெருவிலிருந்து பின்தெருவுக்குப் போவோம். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா இந்தப் பக்கம் பீரோவைத் தள்ளி அதை அடைத்தார். அதே நாள், அதே மத்தியானம், பெரியப்பா அந்தப் பக்கம் ஒரு மேஜையைத் தள்ளி அடைத்தார். ஒருவருக்கு மற்றவர் அடைத்தது தெரியாது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள் அத்தை, பின்னால் தேவைப்படும்.

அந்தச் சண்டை எதற்காக என்று எனக்குச் சொல்லப்பட்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் நீங்கள் திருத்தலாம். சட்டைக் கம்பெனி முதலாளி ஒருவர் வந்தாராம். பழைய ரப்பர் செருப்பைத் துண்டு போட்டு மிஷினின் நாலு மூலையிலும் வைத்திருந்ததையும், மிஷின் அதிராமல் ஓடுவதையும் பார்த்து, "பிரமாதம்! யாரோட யோசனை இது?" என்று கேட்டாராம். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மூச்சில் "என்னுது" என்றார்களாம். அவ்வளவுதான். ஒரு பட்டறை இரண்டானது. முன்தெருவில் அப்பா தையல் மிஷின் பழுது பார்க்கிறார், பின்தெருவில் பெரியப்பா தையல் மிஷின் பழுது பார்க்கிறார், நடுவில் ஒரு பீரோ. போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், உண்மையில் அது யார் யோசனை என்று. அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "நானும் உங்க பெரியம்மாவும் தண்ணி பிடிக்கும்போது பேசிக்கிட்டது. ரெண்டு பேரும் அவங்கவங்க புருஷன்கிட்ட போய்ச் சொன்னோம். ஆறு வருஷமா எங்களை யாராவது கேட்டாங்களா?" என்றாள். அம்மாவும் பெரியம்மாவும் இன்றைக்கும் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். ஒரே ஒரு துண்டை மூன்று தடவை உதறுவார்கள். ஆக, இந்த வீட்டில் பேசாமல் இருப்பது இரண்டே பேர்தான்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். குற்றம் என்பது அப்பா போட்ட பெயர். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பெரியப்பா மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளை எல்லோரும் பாபின் என்றுதான் கூப்பிடுவோம், மிஷினுக்கு அடியில் சுழலும் நூல் உருளைபோல் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும், உருண்டுகொண்டே இருப்பாள், பேச்சு முடியாது. என்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடச் சொல்வாள். கூப்பிடமாட்டேன். நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டு, "அவகூடப் பேசக் கூடாது" என்றார். அங்கேயும் அதே உத்தரவு. நாங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள், பேசவில்லை. எழுதினோம். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே அத்தை. என் வரலாறு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினோம். வரலாறு நோட்டின் கடைசிப் பக்கத்தை எந்த அப்பாவும் திருப்பிப் பார்ப்பதில்லை.

முதல் நாள் அவள் எழுதியது என்ன தெரியுமா? "எங்க அப்பா ரெண்டு நாளா ஒரு மிஷினை வெச்சுக்கிட்டுச் சாப்பிடாம உக்காந்திருக்கார். மூணு தையலுக்கு ஒரு தடவை நூல் அறுந்து போகுது." நான் எழுதினேன்: ஊசி இறங்கும் தட்டின் ஓட்டையில் பிசிறு இருக்கும். கெட்டி நூலில் பல் தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி, ஓட்டைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் வழவழப்பாகிவிடும், எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார். மறுநாள் பாபின் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். "பேஸ்ட் போட்டுப் பாத்தீங்களாப்பா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாளாம். மிஷின் சரியாகிவிட்டது. பெரியப்பா அவளை வாசலில் நிற்கவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம்பொண்ணு மூளையைப் பாத்தீங்களா!" என்றாராம். அடுத்த வாரம் அவள் ஒரு வித்தை கொடுத்தாள், நான் அதை அப்பாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், அப்பா என்னை வாசலில் நிற்கவைத்தார். அதிலிருந்து ஊரில் இரண்டு மேதைகள், இரண்டு வாசல்களில்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். எண்ணெய் பிசுக்கு ஏறிய மிஷினை ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டும் என்று பாபின் எழுதினாள். ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு ஊறப்போட வேண்டும் என்பதை எழுதவில்லை, அதற்குள் மணி அடித்துவிட்டது. அப்பா வளையத்தோடு ஊறப்போட்டார். காலையில் வளையம் ஊதிப்போய், போன மாதம் கொசு கடித்த என் கண் இமைபோல் இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். "பரவாயில்லம்மா, யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டோம். வித்தை எழுதுகிறவள் அதை முதலில் யார் செய்தார்கள், எங்கே சொதப்பியது என்ற இரண்டையும் எழுத வேண்டும். சொதப்பியதை மறைக்கிறவளுக்கு அடுத்த வித்தை கிடையாது. இந்தச் சட்டத்தைப் பெரியவர்கள் யாராவது போட்டிருந்தால் எங்களுக்கு ஒரு வளையம் மிச்சமாகியிருக்கும்.

பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருத்தி சைக்கிள் கடைக்காரர் மகள், அவளை பெல் என்போம். இன்னொருத்தியின் அம்மா தையல்காரர். அவள் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், அதனால் நாடா. நோட்டு நாலு பேருக்கும் பொதுவானது. மிஷின் பெல்ட் வழுக்கினால் சக்கரத்தில் பழைய டியூபைச் சுற்றலாம் என்று பெல் எழுதினாள். இரண்டு பட்டறையிலும் இன்று அந்த டியூப்தான் சுற்றுகிறது, இரண்டு பேரும் தன் மகள் சொன்னது என்று நம்புகிறார்கள். ஒன்று சொல்லுங்கள் அத்தை. திருட்டு என்றால் ஓரிடத்தில் இருந்தது குறைய வேண்டும் இல்லையா? பேஸ்ட் வித்தை பின்தெருவுக்குப் போன பிறகு அப்பாவிடம் என்ன குறைந்தது? பேஸ்ட்கூடக் குறையவில்லை, பெரியப்பா அவர் வீட்டுப் பேஸ்ட்டைத்தான் போட்டார்.

இரண்டு மாதம் முன்னால் நாடாவின் அம்மா மாடிப்படியில் விழுந்துவிட்டார்கள். வலது முழங்கால் மடங்குவதில்லை. அவர்களுடைய மோட்டார் மிஷினைக் காலால் அழுத்தினால்தான் ஓடும். நாடா மத்தியானத்தோடு பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பிப் போய் அம்மாவுக்குப் பதிலாக மிதிக்க ஆரம்பித்தாள். அம்மா துணியைப் பிடிப்பார்கள், இவள் கீழே உட்கார்ந்து பெடலை அழுத்துவாள். போன வாரம் நோட்டில் எழுதினாள்: "இந்த மாசத்தோட நின்னுடுவேன்னு நினைக்கிறேன். என் பக்கத்தை நீங்களே நிரப்பிக்கோங்க." பெல் அதைப் படித்துவிட்டு, "காலு எதுக்குடி? சைக்கிள்ல பிரேக்கைக் கையாலதானே பிடிக்கிறோம்" என்றாள். அந்த நிமிடம் நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். பூகோளம் நடந்துகொண்டிருந்தது.

யோசனை இதுதான்: மேஜை ஓரத்தில் முழங்கையால் தள்ள ஒரு பித்தளைப் பட்டை. தள்ளினால் பிரேக் கம்பி இழுபடும், கம்பி பெடலை அழுத்தும், கையை எடுத்தால் ஸ்பிரிங் பட்டையைத் திரும்பக் கொண்டுவரும். கம்பி பெல்லின் கடையிலிருந்து. பட்டையை நான் அப்பாவிடம் கேட்டேன். அந்தப் பட்டை போய் உட்காரும் இரும்புத் தாங்கியை பாபின் பெரியப்பாவிடம் கேட்டாள். நாடா அளவு எடுத்துக் கொடுத்தாள், பட்டை ஒரு அங்குல அகலம், தாங்கியின் பள்ளமும் ஒரு அங்குலம். அறிவியல் கண்காட்சிக்கு என்று இரண்டு வீட்டிலும் சொன்னோம். இது பொய், இதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மேதைகளின் அப்பாக்கள் இருவரும் மற்ற வேலையை ஓரம் கட்டிவிட்டு ஒரே நாளில் செய்து கொடுத்தார்கள். என் அப்பா பட்டையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

நாடா வீட்டில் மாட்டிப் பார்த்தால், பட்டை பள்ளத்துக்குள் போகவில்லை.

பட்டறைக்காரர்கள் நூல் என்று ஒரு அளவு சொல்வார்கள், உங்களுக்குத் தெரியும், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தாத்தா எதை வெட்டினாலும் "ஒரு நூல் விட்டு அறு, அப்புறம் அரத்தால ராவிக்கலாம், அறுத்ததை ஒட்ட முடியாது" என்பாராமே. அப்பா பட்டையை ஒரு நூல் அகலமாக விட்டிருந்தார். பெரியப்பா பள்ளத்தை ஒரு நூல் குறுகலாக விட்டிருந்தார். மீதியை அடுத்தவர் ராவிக்கொள்வார் என்று அவரவருக்கு நினைப்பு. மொத்தம் இரண்டு நூல் இடித்தது. இன்று சாயங்காலம் நாடாவின் அம்மா, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்தில் இருக்கிறதே என்று கம்பை ஊன்றிக்கொண்டு நேராக எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, இதைக் கொஞ்சம் ராவிக் குடுங்க" என்று இரண்டையும் மேஜையில் வைத்தார்கள். நான் உள்ளே இருந்து பார்த்தேன். அப்பா தன் பட்டையைப் பார்த்தார், கண்காட்சிக்குப் போன பட்டை. அப்புறம் தாங்கியை எடுத்தார். பள்ளத்தில் அளவுகோலை வைத்தார். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார்.

"இது எங்க வாங்கினது?"

"சந்தையிலண்ணே." பாவம், நாடா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"சந்தையில விக்கறவன் எவனும் ஒரு நூல் விட மாட்டான். இந்த உலகத்துலயே ரெண்டு பேர்தான் விடுவாங்க. ஒருத்தன் நான்."

பட்டையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். தாங்கியை நீட்டி, "இதைச் செஞ்சவன்கிட்டயே குடுங்க" என்றார். அவர்களும் கம்பை ஊன்றித் தெருவைச் சுற்றிப் பெரியப்பாவிடம் போய், "இதைச் செஞ்சது நீங்கதானாமே, உங்க தம்பி சொன்னார்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருடத்தில் தம்பியிடமிருந்து அண்ணனுக்குப் போன முதல் செய்தி இது. பெரியப்பா கேட்டாராம், "பட்டை எங்க?" "அவரே வெச்சுக்கிட்டார்." "அப்படியா? அப்போ இதை நான் வெச்சுக்கறேன்." ஆக, பட்டை இங்கே, தாங்கி அங்கே, நாடாவின் அம்மா நடுத்தெருவில்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார், "கண்காட்சி எப்போ?"

"முடிஞ்சு போச்சுப்பா."

"பரிசு கிடைச்சுதா?"

நான் சாதத்தைப் பார்த்தேன்.

"எத்தனை நாளா நடக்குது? பேஸ்ட்டும் அங்கேதான் போச்சா?"

"போச்சுப்பா."

"மண்ணெண்ணெய் அங்கேயிருந்து வந்ததா?"

"ஆமாம்ப்பா. வளையத்தைக் கழட்டச் சொல்லணும், அவ மறந்துட்டா."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அப்பா தட்டை நகர்த்தினார். "திங்கக்கிழமையிலேருந்து நீ வேற பள்ளிக்கூடம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கட்டடம். அங்கே போய் யார்கிட்ட எழுதறேன்னு பாக்கறேன்" என்றார். "வித்தை குடுத்தவளும் அங்கேதான் வருவா, தெரிஞ்சுக்கோங்க" என்று அம்மா முணுமுணுத்தாள், மாடியில் துணி எடுக்கும்போது தகவல் வந்திருக்க வேண்டும். அப்பா காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் பீரோவுக்குப் பின்னால் கதவடியில் பாபின் சுரண்டினாள். எங்கள் ராத்திரித் தபால் அந்த இடுக்கு வழியாகத்தான். சீட்டில் இருந்தது: "என்னை வேற பள்ளிக்கூடத்துல போடறாங்க. மஞ்சள் கட்டடம். உனக்கு?"

பாருங்கள் அத்தை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க அப்பாக்கள் இரண்டு பேரும் எங்களை ஒரே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தெரிந்ததும் மறுபடி மாற்றுவார்கள், மறுபடி இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான் தோன்றும். இப்படியே ஊரில் உள்ள பள்ளிக்கூடமெல்லாம் படித்து முடித்துவிடுவோம். எங்கள் இருவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பெல் தனியாகிவிடுவாள். நாடா நின்றுவிடுவாள், கீழே உட்கார்ந்து பெடல் அழுத்தியே பெரியவளாகிவிடுவாள். அவளுக்கு வேண்டியது பட்டையும் தாங்கியும். இரண்டும் தயார், இரண்டும் சிறையில்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பார்த்தால் உங்களுக்கே தெரியும், "ழ" எல்லாம் புழுபோல் இருக்கிறது. ஆனாலும் நான் செய்தது தப்பு என்று எழுதமாட்டேன். அப்பா தனியாக இருபது வருடம் யோசித்தாலும் பிரேக் கம்பி தோன்றியிருக்காது. பெல்லுக்குத் தோன்றியது, ஏனென்றால் அவள் நாடாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காருவதுகூடத் தப்பென்றால், எல்லோருக்கும் ஆளுக்கொரு பீரோ வாங்கிக் கொடுக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் போன் செய்யுங்கள். அவர்களுக்கு நீங்கள் ஒரே அக்கா. உங்கள் குரல் கேட்டால் அப்பா உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போடுவார், போனில் தெரியாது என்று அம்மா எத்தனை தடவை சொல்லியும் போடுவார். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள். கனவில் தெரிந்தது என்று சொல்லுங்கள், நம்புவார்கள்.

முன்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது. கர், கர் என்று. அப்பா தூங்கவில்லை போலிருக்கிறது. முடித்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். நைட் டியூட்டியில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் ஆசீர்வாதத்தை வார்டு வார்டாகப் பிரிக்காமல் மொத்தமாக எனக்கே அனுப்பவும்.

கீழ்ப்படிதல் உள்ள (பெரும்பாலும்)
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வரலாறு நோட்டுக்குள் வைத்துவிட்டேன், மறுபடி பிரிக்கிறேன். யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். கிழிக்கவும் வேண்டாம். என்ன நடந்தது என்றால், அந்தச் சத்தம் அரம் ராவுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்பா பட்டையைப் பிடிப்பானில் மாட்டி ராவிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடிக்கிற சாமானை இழுப்பறையில் வைத்துக்கொண்டு அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார், "பிடிவாதக்காரன், ஒரு நூல் குறைக்க மாட்டான். ரெண்டு நூலையும் நானே குறைச்சுத் தொலைக்கறேன்." திரும்பி வந்து பீரோவுக்குப் பின்னால் காதை வைத்தேன். அந்தப் பக்கமும் கர், கர். கதவடியில் பாபினின் சீட்டு கிடந்தது: "எங்க அப்பா ராவறார்டி! பிடிவாதக்காரன், ரெண்டு நூலையும் நானே குறைக்கறேன்னு உங்க அப்பாவைத் திட்டிக்கிட்டே ராவறார்!"

கணக்கு எனக்கு மெதுவாகத்தான் ஏறும். ஏறியதும் விரல் விட்டு இன்னொரு தடவை எண்ணினேன். இவர் இரண்டு நூல், அவர் இரண்டு நூல். முதலில் இரண்டு நூல் இடித்தது, விடிந்ததும் இரண்டு நூல் ஆடும். ராவியதை ஒட்ட முடியாது, தாத்தாவே சொல்லியிருக்கிறார். வாயைத் திறக்காமல் இருந்தால் நான் தப்பிப்பேன், நாடா தப்பிக்கமாட்டாள். நான் பீரோ மேல் ஏறி நின்று, வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன், "ஒரு நூலோட நிறுத்துங்க! ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்! அந்தப் பக்கமும் ராவறாங்க!"

இரண்டு அரமும் ஒரே நேரத்தில் நின்றன. தனித்தனியாக நிற்கக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்பா பட்டையோடு இந்த அறை வாசலில் வந்து நின்றார். கை முழுக்கப் பித்தளைத் தூள். "அந்தப் பக்கமுமா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"எவ்வளவு ராவியிருக்கானாம்?"

"எனக்குத் தெரியாது. நீங்களே கேளுங்க."

"கதவு அடைச்சிருக்கே."

"அடைச்சது நீங்கதானே."

இவ்வளவையும் பீரோ மேலேயே நின்றபடி சொன்னேன் அத்தை. அப்பா விளக்கடியில் நோட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்து, "யாருக்கு எழுதற?" என்றார். "அத்தைக்கு" என்றேன். அப்பா நிமிர்ந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டார். "எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்றார். இல்லை, இன்னும் முடிவு வரவில்லை என்றேன். அதனால்தான் கீழே இறங்கி இந்த விளக்கடியில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர் பட்டையில் அளவுகோலை வைத்து ஒரே நூல்தான் போயிருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நாளைக் காலை நாடாவின் அம்மா வருவதற்குள்

கதவு தட்டுகிறார்கள். பீரோவுக்குப் பின்னால். பாபின் தட்டமாட்டாள், சுரண்டுவாள். இது ஸ்பேனரால் தட்டுகிற சத்தம், மூன்று தடவை. அந்தப் பக்கம் மேஜை இழுபடுகிறது. அப்பா பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார், "என்ன பாத்துக்கிட்டு நிக்கற, அந்தப் பக்கம் பிடி" என்கிறார், பேனாவை